கூடப்பொறந்தவன்தான் கூப்பிடணும்

சன்னல் ஓரம் நீங்க உக்காருங்க சார். எனக்குக் காலை நீட்டணும், நான் இந்தப் பக்கமே இருந்துக்கறேன். அந்தப் பையை மேல வைக்காதீங்க, இந்த டிரைவரு வளைவுல ஒடிக்கிற ஒடிப்புக்கு யாரு மண்டையிலயாவது வந்து விழுந்துரும். கால்மாட்டுலயே கிடக்கட்டும்.

ஷூவைப் பாத்தாலே தெரியுது, விருந்தாடிக் குளத்துக்குத்தான் போறீங்க. பாரஸ்ட்டுல கடுதாசி வாங்கியாச்சா? ஆங், அது முக்கியம். அடிவாரத்துல கேப்பான். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுப் போனீங்கன்னா குளம் இருக்காது. ஐப்பசி மழையில வரும், மாசி பொறந்தா மண்ணு தெரியும். விருந்தாடி மாதிரி வந்துட்டுப் போறதுனால அந்தப் பேரு. பூமிக்கடியில போயிருதுன்னு சொல்றாங்க, வெயில் குடிச்சிருதுன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது. நான் முப்பத்தெட்டுத் தடவை போயிருக்கேன், எனக்கே தெரியாது.

ஆமா, நானும் அங்கதான் போறேன். நான் மட்டும் இல்ல. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, மடியில மஞ்சப்பையை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருக்குல்ல. அது பவுன்தாயி. என் தம்பி சம்சாரம். எங்கூடத்தான் வருது, ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேருக்கும் நாந்தான் எடுத்தேன். ஆனா எங்கூடப் பேசாது. பேசி இருபத்தாறு நாளாச்சு. நான் பேசுறது அதுக்குக் கேக்கும். கேக்கட்டும், நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லப்போறதில்லையே.

எங்க ஊர்ல வந்து ராசாங்கம் மாவு மில்லுன்னு கேட்டுப் பாருங்க, சின்னப்புள்ளை கூடக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுரும். அந்த ராசாங்கம் நாந்தான். மில்லுக்கு நாலு கடை தள்ளி என் தம்பி கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுவான். சுத்துப்பட்டு முப்பது ஊர்க் கிணத்து மோட்டாரும் அவன் கைக்குத்தான் வரும். கையில அம்புட்டு சுத்தம். ஆனா பாருங்க, என் மில்லு மோட்டாரு புகைஞ்சா நான் அதை ஆட்டோவுல ஏத்தி, அவன் கடை வாசல் வழியாவே கொண்டுபோயி, தேனியில குடுத்துக் கட்டிட்டு வருவேன். பதினோரு வருஷம் அப்படித்தான். அவன் கடை வாசல்ல நின்னு ஆட்டோ போறதைப் பாத்துக்கிட்டே இருப்பான்.

பேச்சுவார்த்தை கிடையாது சார். அதான் காரணம்.

எதுக்குன்னு கேக்குறீங்களா? சொல்லவே கூச்சமா இருக்கு. என் மக காஞ்சனா கல்யாணம். பத்திரிகையில தம்பி பேரு விட்டுப்போச்சு. 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டு மாமன் மச்சான் எல்லாம் வரிசையா வந்துருச்சு. சித்தப்பனைக் காணோம். அச்சகத்துக்காரன் பண்ணின வேலை. அவன் கல்யாணத்துக்கு வந்தான் சார், வராம இல்ல. புது வேட்டி கட்டிக்கிட்டு மண்டபத்து வாசல்ல நின்னு சந்தனம் எடுத்துக்கிட்டான், பொண்ணு தலையில அட்சதை போட்டான், பச்சத்தண்ணி குடிக்காமப் போயிட்டான். அன்னிக்குப் போன பேச்சு. அவன் வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், அச்சகத்துக்காரன் தப்புன்னு. கேக்கலையே. மூத்தவன் நானா போயிக் காலைப் புடிக்க முடியும்?

அது கிடக்கட்டும். மலைக்கு வர்றேன்.

எங்க ஊர்லருந்து வருஷா வருஷம் மார்கழியில ஒரு கூட்டம் அந்தக் குளத்துக்குப் போகும். குளக்கரையில ஒரு நடுகல்லு இருக்கு, சாமின்னுதான் சொல்வோம், அதுக்கு வேற பேரு கிடையாது. அடிவாரத்துக் கோயில்ல பூசாரி கையில மஞ்சக் கயிறு கட்டுவாரு. கயிறு கட்டினதுலருந்து திரும்பி வந்து அதை அறுக்குற வரைக்கும் செருப்புக் கூடாது, ஊர்ப்பேச்சுக் கூடாது, யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லாரும் சாமி. மளிகைக்கடைக்காரனும் சாமி, அவன்கிட்டச் சம்பளம் வாங்குறவனும் சாமி. வழியில ஒருத்தருக்கொருத்தர் குரல் குடுத்துக்கிட்டே நடக்கணும். முன்னாடி போறவரு 'சாமியோவ்'ம்பாரு, பின்னாடி வர்றவரு 'சாமியோவ்'ம்பாரு. வந்துக்கிட்டே இருக்கேன், நீ நடன்னு அதுக்கு அர்த்தம்.

இதுல ஒரு விசயம் இருக்கு, நல்லாக் கேட்டுக்கங்க. ஆபத்து அந்தரம்னா பேர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனா கூடப்பொறந்த ரத்தம்தான் கூப்பிடணும். வெளியாளு கூப்பிட்டா மலை அந்தப் பேரை வாங்கி வச்சுக்கிரும்னு ஒரு ஐதீகம். கூடப்பொறந்தவன் கூப்பிட்டா, கூப்பிட்டவனோட கயிறு அங்கயே அறுந்ததுக்குச் சமம். அவனுக்கு அந்த வருஷம் விரதம் போச்சு, அவ்வளவுதான். இப்ப நாம பேசுறப்ப அவ்வளவுதானேன்னு தோணுதுல்ல?

சண்டை வந்த வருஷம் நானும் போனேன், அவனும் வந்தான். வருவான்னு தெரிஞ்சிருந்தா நான் போயிருக்க மாட்டேன். கயிறும் கட்டியாச்சு. முதல் ஏத்தத்துல ஒரு பாறை, எப்பவும் வழுக்கும். நான் காலை வச்சேன். பின்னாடிலருந்து ஒரு கை என் முழங்கையைப் புடிச்சுச்சு. பாத்து சாமின்னான். நான் திரும்பிப் பாத்தேன், தம்பி. என்ன சொல்றது? சரி சாமின்னேன்.

அங்க ஆரம்பிச்சுச்சு. சாமிகிட்ட சாமி பேசுறதுல என்ன குத்தம் இருக்கு? ராசாங்கம் அவன்கூடப் பேசலை, அவன் ராசாங்கத்துகூடப் பேசலை. கயிறு கையில இருக்குற அந்த ஒண்ணரை நாளு ரெண்டு சாமிங்க பேசிக்குவோம். முழங்கால் வலி எப்படி இருக்கு சாமிம்பான். அந்தத் தைலம் வேலைக்காகலை சாமின்னா, இடுப்புலருந்து வேற ஒண்ணை எடுத்துக் குடுப்பான். எனக்குன்னே வாங்கிட்டு வந்திருப்பான் சார். கடலைமிட்டாய்னா எனக்கு உசுரு, டவுசர் போட்ட காலத்துலருந்து. ஒரு பொட்டலம் முடிஞ்சு வச்சுக்கிட்டு, ஏத்தம் ஏறி நான் மூச்சு வாங்கி உக்கார்ற இடத்துல கையை நீட்டுவான். அவன் மக சிவரஞ்சனிக்கு வேலை கிடைச்சதை மலையிலதான் எனக்குச் சொன்னான். எங்க வீட்டுப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு சாமின்னு, ஏதோ அடுத்த தெருக்காரன் மாதிரி சொன்னான். சந்தோசம் சாமின்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, வெயில்னு சொல்லித் தொடச்சேன்.

இறங்கி வந்து கயிறை அறுத்தாப் போதும். ஓடையில முங்கி எந்திரிச்சு, சட்டையைப் போட்டுக்கிட்டா மூஞ்சி மாறிரும். இதே பஸ்ஸுதான். அவன் முன் சீட்டு, நான் பின் சீட்டு.

மத்த மாசமெல்லாம் நான் மார்கழி எப்ப வரும்னு காலண்டரைப் பாப்பேன். மில்லுல காலண்டருக்கா பஞ்சம், எட்டு தொங்கும். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப வாயில வந்துருச்சு.

போன வருஷம் பன்னெண்டு பேரு போனோம். நல்ல மழை பேஞ்ச வருஷம். அட்டைக்கடின்னா அப்படி ஒரு கடி, புகையிலைத் தண்ணி தடவியும் கேக்கலை. சோலைக்காட்டைத் தாண்டினா மேல வெறும் புல்லுமேடு. நீங்க பாப்பீங்க, வலது பக்கம் சரிவு, இடது பக்கம் சரிவு, நடுவுல ஒத்தையடித் தடம். மேக்குப் பக்கம் போகக் கூடாது சார், இப்பவே சொல்லிட்டேன். புல்லு தரைமாதிரி தெரியும், கீழ ஒண்ணும் இருக்காது.

அந்தப் புல்லுமேட்டுல வச்சு அவன் எங்கிட்ட வந்தான். எனக்குச் சமமா நடந்தான். பெறகு சொன்னான்.

"சாமி, எங்க வீட்டுப் பொண்ணுக்கு இடம் அமைஞ்சிருக்கு சாமி. பத்திரிகை அடிக்கணும். பெரியப்பா பேரைத்தான் மேல போடணும்னு இருக்கேன். போடலாமா சாமி?"

நான் என்ன சொன்னேன்னு நெனைக்கிறீங்க?

மலையில ஊர்ப்பேச்சு பேசக் கூடாது சாமின்னேன்.

இருங்க, இருங்க. அப்படிப் பாக்காதீங்க. விதி அதுதானே. கயிறு கட்டினா ஊர்ப்பேச்சுக் கூடாது. பதினோரு வருஷமா நாங்க பேசினதெல்லாம் என்னன்னு கேப்பீங்க. அது வேற, முழங்கால், தைலம், அது சும்மா வழிப்பேச்சு. இது அப்படி இல்லையே. சரின்னு சொல்லிட்டா கீழ வந்து அவன் வீட்டுப் படி ஏறணும். ஏறினா அந்தப் பழைய பத்திரிகைக் கதை வரும். வந்தா நான் என்ன சொல்றது? அச்சகத்துக்காரன் தப்புன்னா, புரூஃப் பாத்தது யாருன்னு கேப்பான்.

நாந்தான் பாத்தேன். உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும், குளத்தைப் பாத்துட்டு உங்க ஊருக்குப் போகப்போறவரு. புரூஃப்ல அவன் பேரு இல்லாததைப் பாத்தேன். மாப்பிள்ளை வீடு பாக்கப் போன அன்னிக்கு, தம்பி எவனோ ஒருத்தன் கிணத்துல மோட்டாரு நின்னுருச்சுன்னு எங்களோட வராமப் போயிட்டான். அந்த வருத்தம் இருந்துச்சு. கிடக்கட்டும், கொஞ்சம் தெரியட்டும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். கொஞ்சம்தான் நெனச்சேன். அது பதினோரு வருஷம் ஓடும்னு எவனுக்குத் தெரியும்?

அவன் 'சரி சாமி'ன்னான். கடலைமிட்டாய் பொட்டலத்தை எடுத்தவன் அப்படியே இடுப்புல சொருகிக்கிட்டான். நடையைக் குறைச்சான். நான் நடையைக் கூட்டினேன்.

குளத்தைப் பாத்தோம், கும்பிட்டோம், பொங்க வச்சோம். அங்க அவன் இருந்தான், கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளி உக்காந்திருந்தான், பாத்தேன். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், மஞ்சு இறங்க ஆரம்பிச்சுச்சு. உங்க ஊர்ல பனின்னு சொல்வீங்களா? இது பனி இல்ல சார். கையை நீட்டினா விரல் தெரியாது. இறங்குங்க இறங்குங்கன்னு கூட்டத்துக்கு மூத்த சாமி சத்தம் போட்டாரு. ஒருத்தர் துண்டை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு இறங்குனோம். புல்லுமேடு பாதி தாண்டினப்ப தவசிதான் சொன்னாரு, பின்னாடி துண்டு புடிச்சிருந்த கையைக் காணோம்னு. தவசின்னா எங்க ஊரு மளிகைக்கடைக்காரரு. அவருக்குப் பின்னாடி வந்தது என் தம்பி.

நின்னுட்டோம். நான் 'சாமியோவ்'னேன். நாலாபக்கமும் 'சாமியோவ்'னு வருது. முன்னாடி நிக்கிறவன் சொல்றான், பக்கத்துல நிக்கிறவன் சொல்றான், யாரு குரல் எதுன்னு ஒண்ணும் புரியலை. எல்லாரும் வாயை மூடுங்கன்னு மூத்த சாமி அதட்டினாரு. மறுபடி நான் மட்டும் கூப்பிட்டேன். ஒரு குரல் வந்துச்சு சார். மேக்கால, கீழேருந்து, மெலிசா, 'சாமியோவ்'.

அவன் குரல் எனக்குத் தெரியாதா? தொட்டில்லருந்து கேட்ட குரலு.

அப்ப தவசி என் தோளைப் புடிச்சாரு. விரதத்தையெல்லாம் மறந்துட்டு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. "அண்ணே, சாமின்னு கூப்பிட்டா அவரு நடந்துக்கிட்டே இருப்பாரு. பேரைச் சொல்லுங்க. பேரைச் சொன்னா நின்னுருவாரு."

வெளங்குதா உங்களுக்கு? சாமியோவ்னா நடன்னு அர்த்தம். நாம கூப்பிடக் கூப்பிட அவன் நம்ம குரல் எங்கிட்டோ எதிரொலிக்கிற பக்கமா நடப்பான். மலையில ஒரு பேரு கேட்டா, என்னமோ ஏதோன்னு நின்ன இடத்துல நின்னுருவான், உக்காந்துருவான். தவசி சொன்னது நியாயம்தான். எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. பதினோரு பேருல கூடப்பொறந்த ரத்தம் நான் ஒருத்தன்தான்.

நான் வாயைத் தொறந்தேன். சாமியோவ்னுதான் வந்துச்சு.

மறுபடி தொறந்தேன். மறுபடி அதேதான்.

விரதம் சார். முப்பத்தெட்டு வருஷ விரதம். அறுக்க முடியுமா? குளத்துச்சாமிக்கு என்ன பதில் சொல்றது? அந்த நேரத்துல எனக்கு அதுதான் மனசுல இருந்துச்சு. நான் முதல்ல பேரைச் சொல்லிட்டா நான் முதல்ல பேசின மாதிரி ஆயிரும், ஊருக்குள்ள ராசாங்கம் இறங்கி வந்துட்டான்னு ஆயிரும், அப்படியெல்லாம் நான் நெனைக்கவே இல்ல. தவசி அப்படித்தான் ஊர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நீங்க நம்பாதீங்க.

தொண்டை கிழியக் கூப்பிட்டேன், அது மட்டும் சத்தியம். முக்கால் மணி நேரம். நாலு தடவை பதில் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இன்னும் தள்ளி. அஞ்சாவது தடவை வரலை. நான் மேக்கால ரெண்டு எட்டு வச்சேன், புடிச்சுக்கிட்டாங்க. நானும் ரொம்பத் திமிறலை, அதுவும் உண்மைதான். கீழ ஒண்ணும் இல்லைன்னு தெரியும். என்ன பண்ணச் சொல்றீங்க? மஞ்சைக் கையால விலக்க முடியுமா? அப்படியே நின்னேன். இருட்டுறதுக்குள்ள என்னை இழுத்துக்கிட்டு இறங்கிட்டாங்க.

பாரஸ்ட்டுக்காரங்க, தீயணைப்புக்காரங்க, மலைச்சனங்க, ஒம்போது நாள் தேடினாங்க. கயிறு கட்டி இறங்கிப் பாத்தாங்க. பச்சைத் துண்டு ஒண்ணு கிடைச்சுச்சு. ஒரு பாறை இடுக்குல அந்தக் கடலைமிட்டாய்ப் பொட்டலம், முடிச்சு அவுக்காம. அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கலை. எறும்பு கூட மொய்க்கலை சார் அதுல.

பவுன்தாயி அழுகலை. தேடப்போனவங்க திரும்பி வந்த அன்னிக்கு என் முன்னாடி வந்து நின்னுச்சு. அது என் முன்னாடி நேரா நின்னதே அன்னிக்குத்தான், மூத்தாருக்கு முன்னாடி நிக்காது. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"மாமா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

தொண்டை கிழியக் கூப்பிட்டேம்மான்னேன்.

பொய் சொன்னேன்னு சொல்லாதீங்க. கூப்பிட்டேன்ல? என்னன்னு கூப்பிட்டேன்னு நான் சொல்லலை, அம்புட்டுத்தான். அந்த நேரத்துல அந்தப் புள்ளைக்கு ஒரு ஆறுதல் வேணும். அது அதையே புடிச்சுக்கிருச்சு. துக்கம் கேக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் அதையே சொல்லுச்சு. பதினோரு வருஷம் பேசாம இருந்தாலும் அந்த நேரத்துல அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு, தானாடாட்டியும் தன் சதை ஆடும்ல, அவருக்குத்தான் காதுல விழலைன்னு. பத்து மாசத்துக்கு மேல அதைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்குச் சாதத்தோட கொழம்பு குடுத்தனுப்புச்சு சார், வாரம் ஒருதடவை. நான் சாப்பிட்டேன். எறங்கும்கிறீங்களா? எறங்கலை. ஆனா சாப்பிட்டேன்.

கருமாதி பண்ணலை. எப்படிப் பண்றது? உடம்பும் இல்ல, கையில கட்டின கயிறும் அறுபடலை. தாலியக் கழட்டவும் முடியலை, நெத்தியில பொட்டு வச்சுக்கிட்டு ஒரு விசேசத்துக்குப் போகவும் முடியலை. பூசாரிகிட்டக் கேட்டா அவரு சொல்லிட்டாரு: மலையில கயிறோட நிக்கிறவனை யாராவது கூடப்பொறந்தவன் அங்க வச்சுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அன்னிக்கே அவன் கயிறும் அறுந்த மாதிரி, இல்லைன்னா குளக்கரையில போயி நின்னு கூப்பிடணும், அதுக்கு மேல காரியம் பண்ணலாம்னு. இந்தப் புள்ளை என்ன நெனைக்குது, அதான் போன வருஷமே கூப்பிட்டாச்சேன்னு நெனைக்குது. பூசாரி கூப்பிட்டாச்சான்னு என்னைப் பாக்குறாரு. நான் கோயில் மணியைப் பாக்குறேன். பாப்போம், மக கல்யாணம் முடியட்டும்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆமா சார், சிவரஞ்சனி கல்யாணம். அவன் சொல்லிட்டுப் போன அதே இடம்தான். வர்ற தை இருபத்தி மூணு. போன மாசம் பத்திரிகை அடிச்சு வந்துச்சு. அச்சகத்துல பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி 'அமரர்' போடணுமான்னு கேட்டிருக்காங்க, வேணாம்னு சொல்லிருச்சு பவுன்தாயி. முதல் பத்திரிகையைக் கோயில்ல வச்சிட்டு, அடுத்ததா தவசி கடைக்குக் குடுக்கப் போயிருக்கு. அங்க போயும் அதே பேச்சு, அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் காதுல விழலையேண்ணேன்னு. தவசிக்குப் பொறுக்கலை. சொல்லிட்டாரு.

எனக்கு வச்சிருந்த பத்திரிகையோட நேரா மில்லுக்கு வந்துச்சு. மில்லு ஓடிக்கிட்டிருக்கு, நாலு பேரு அரிசி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் மோட்டாரை அணைச்சேன். பத்திரிகையைத் தட்டுல வைக்கலை, மாவு மேசையில வச்சுச்சு. சத்தம் போடும்னு நெனச்சேன், மண்ணை வாரித் தூத்தும்னு நெனச்சேன். செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அவரு சொன்ன மாதிரியே உங்க பேரைத்தான் மேல போட்டிருக்கேன் மாமா. நீங்க அவரு பேரை ஒரு தடவை கூப்பிட்டுட்டு வாங்க. நானும் வர்றேன், என் காதால கேக்கணும்."

அம்புட்டுத்தான். அன்னிலருந்து பேச்சில்ல. இன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுச்சு, நானும் வந்து நின்னேன். மடியில அந்த மஞ்சப்பையில என்ன இருக்குங்குறீங்க? அவனோட சட்டை ஒண்ணு, வேட்டி ஒண்ணு. ஓடையில முங்கி எந்திரிச்சாப் போட்டுக்கறதுக்குன்னு எடுத்து வச்சிருக்கு. 

கூப்பிட்டுருவேன் சார். அதுல சந்தேகம் இல்ல. கூப்பிடறதுக்குத்தானே போறேன், இனி விரதமாவது ஒண்ணாவது. கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் அந்தப் புள்ளை காதுக்குக் கேக்கணும்ல. இந்த இருபத்தாறு நாளா மில்லுல மோட்டாரை ஓட விட்டுட்டுச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். மோட்டாரு சத்தத்துல எனக்கே கேக்கலை, சரியா வந்துச்சா இல்லையான்னு தெரியலை. மோட்டாரை அணைச்சுட்டுச் சொல்லிப் பாக்கணும்னு நெனச்சேன். அணைச்சா ஆளு வந்துருது, யாராவது மிளகாயைத் தூக்கிக்கிட்டு வந்துர்றாங்க. பன்னெண்டு வருஷமா சொல்லாத பேரு, கொஞ்சம் துருப்புடிச்சிருக்கும், அம்புட்டுத்தான். குளக்கரைக்குப் போனா தன்னால வந்துரும்.

என்ன சார்?

ஆங், பாத்தீங்களா, இம்புட்டு நேரம் பேசியும் அவன் பேரைச் சொல்லலையா நான்? சொல்லியிருப்பேனே. இல்லையா? தம்பி தம்பின்னே வந்துருச்சா. அதனால என்ன, தம்பின்னா தம்பிதானே. எனக்கு இருக்குறது ஒரு தம்பிதான்.

சத்தமாக் கேக்காதீங்க சார். அது திரும்பிப் பாக்குது பாருங்க.

பத்திரிகை இருக்கு எங்கிட்ட, இந்தா, சட்டைப் பையில. எடுத்துப் படிச்சுக்கங்க. மேல இருக்கறது என் பேரு, பாத்தீங்களா, ராசாங்கம், கொட்டை எழுத்துல. அதுக்குக் கீழ. என் விரலு இருக்குல்ல, அந்த இடத்துல. படிச்சுட்டீங்கல்ல. அதான் பேரு.

நான் சொல்லணுமா? நீங்கதான் படிச்சுட்டீங்களே.

அது இன்னும் திரும்பியேதான் உக்காந்திருக்கு. கண்ணைக் கூட எடுக்கலை. சொல்றேன். இதுல என்ன இருக்கு, இருங்க, தண்ணி இருந்தாக் குடுங்க. சொல்றேன் சார், அவன் பேரு... எங்க அப்பா வச்ச பேரு... அவன் பேரு வந்து...

அந்தா, ஆலமரத்து வளைவு வந்துருச்சு பாருங்க. அடிவாரம். இங்கிட்டுருந்து யாரு பேரையும் சொல்லக் கூடாது. பையை எடுத்துக்கங்க, படி உசரம், பாத்து இறங்குங்க சாமி.